டி.வி.யில் கல் நகை: பெயரைப் பிரித்துப் பார்த்து வாங்குவது எப்படி?

இரவு பதினொன்றரை மணி. சீரியல்கள் முடிந்து வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று. ரிமோட்டைத் திருப்பினால் ஓர் அலைவரிசையில் கறுப்பு வெல்வெட் துணியின் மேல் ஒரு மோதிரம் சுழல்கிறது. “ஒரிஜினல் பிரேசிலியன் எமரால்டு! பன்னிரண்டு கேரட்! கடையில் இருபத்தைந்தாயிரம், இன்றைக்கு மட்டும் 1,999!” திரையின் மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. கை தானாகப் போனைத் தேடுகிறது.

அந்தக் கை போனைத் தொடும் முன் என்ன செய்ய வேண்டும், தொட்ட பிறகு என்ன கேட்க வேண்டும், பார்சல் வந்தபின் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதே இந்த அத்தியாயம்.

என் சித்தி குருப்பெயர்ச்சி சமயத்தில் இப்படித்தான் ஒரு ‘கனக புஷ்பராகம்’ மோதிரம் வாங்கினார். சீட்டுப் பணத்தில் வாங்கியது. அளவு குறைக்கக் கொண்டுபோனபோது பத்தர் லென்ஸில் பார்த்துவிட்டு, “கல்லு நல்ல கல்லுதாம்மா. ஆனா இது புஷ்பராகம் இல்ல, சிட்ரின்” என்றார். சித்தியின் கையில் இருந்தது போலிக் கல் இல்லை. மண்ணில் விளைந்த, அழகான குவார்ட்ஸ். பொய்யாக இருந்தது பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்குத்தான் அவர் பணம் கொடுத்திருந்தார்.

டி.வி. நகை விற்பனையில் பெரும்பாலான ஏமாற்றம் இந்த வகைதான். எனவே பெயரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு விவரங்கள்

எந்தக் கல்லைப் பற்றியும் நான்கு விவரங்கள் தெரிந்தால் போதும்.

1. கனிமம்: அது எந்தக் கல்? குவார்ட்ஸா, பெரிலா, கொரண்டமா, டோபாஸா, கார்னெட்டா?
2. பிறப்பு: மண்ணில் விளைந்ததா, ஆய்வகத்தில் வளர்த்ததா, வெறும் கண்ணாடியா?
3. வேலைப்பாடு: சூடாக்கியதா, சாயம் ஏற்றியதா, எண்ணெயோ கண்ணாடியோ நிரப்பியதா, மேலே பூச்சு பூசியதா?
4. எடை: கல் ஒவ்வொன்றும் எத்தனை கேரட்? ஒரு கேரட் என்பது 0.2 கிராம்.

திரையில் வரும் கவர்ச்சியான பெயர் இந்த நான்கில் ஒன்றையாவது மறைத்திருக்கும். எது மறைந்திருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

பெயரைப் பிரிக்கும் முறை

1. திரையில் உள்ள பெயரை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். காதில் விழுந்ததை மட்டும் நம்ப வேண்டாம். பேச்சில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் இருக்கலாம்.
2. ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர், நிறம், வர்ணனைச் சொல் ஆகியவற்றை அடித்துவிடுங்கள்.
3. மிஞ்சிய சொல்லை மட்டும் படியுங்கள். ‘ஹெர்க்கிமர் டைமண்ட்’ என்பதில் ஹெர்க்கிமரை அடித்தால் மிஞ்சுவது டைமண்ட்.
4. இப்போது ஒரே கேள்வி: முன்னொட்டு இல்லாமல், “இது டைமண்ட்” என்று பில்லில் எழுதித் தருவார்களா? தரமாட்டார்கள் என்றால் பெயரில் தூண்டில் இருக்கிறது. ஹெர்க்கிமர் டைமண்ட் என்பது நியூயார்க் மாநிலத்தின் ஹெர்க்கிமர் வட்டாரத்தில் கிடைக்கும் குவார்ட்ஸ் படிகம்.
5. பெயருக்குப் பின்னால் வரும் ‘கலர்’, ‘ஃபினிஷ்’, ‘லுக்’, ‘டோன்’, ‘ஸ்டைல்’ ஆகியவற்றுக்கு வட்டம் போடுங்கள். ‘ரூபி கலர் ஸ்டோன்’ என்றால் ரூபி இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

குறிப்பு: ‘ஒரிஜினல்’, ‘ரியல்’, ‘ஜெனுவின்’ ஆகிய மூன்று சொற்களும் உங்களுக்கு எதையும் உறுதி செய்வதில்லை. எந்தக் கல்லின் ஒரிஜினல் என்பதுதான் கேள்வி. நீங்கள் கேட்க வேண்டிய சொல் ‘நேச்சுரல்’. அதையும் கனிமத்தின் பெயரோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

அடிக்கடி வரும் பெயர்கள், அவற்றின் உள்ளே இருப்பவை

வைரத்தின் பெயரில்

- அமெரிக்கன் டைமண்ட், ஏ.டி. கல்: இது கியூபிக் சிர்க்கோனியா. 1970களில் சோவியத் நாட்டில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய செயற்கைக் கல். திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அது நேர்மையான கைவேலை. கல்லில் குற்றமில்லை. ‘டைமண்ட்’ விலைக்கு விற்பதில்தான் குற்றம்.
- ஜிர்கான்: கடைப்பேச்சில் ஏ.டி. கல்லையே இப்படியும் சொல்கிறார்கள். உண்மையான சிர்க்கான் என்பது மண்ணில் விளையும் வேறு கனிமம். இலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கான், ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. அதுவும் வைரம் அல்ல.
- மொய்சனைட் டைமண்ட்: சிலிக்கன் கார்பைடு. நன்றாக மின்னும், உறுதியான கல். ஆனால் வைரம் அல்ல.
- லேப் குரோன் டைமண்ட்: இது வைரமேதான், ஆய்வகத்தில் வளர்த்தது. 2015இல் வந்த ஐ.எஸ்.ஓ. 18323 தர விதிப்படி, வெறுமனே ‘டைமண்ட்’ என்றால் இயற்கை வைரம் மட்டுமே. எனவே ‘லேப் குரோன்’ என்ற சொல் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்பில்

- கேப் ரூபி, பொஹீமியன் ரூபி, அரிசோனா ரூபி: மூன்றும் கார்னெட்.
- பாலஸ் ரூபி: ஸ்பைனல். பிரிட்டிஷ் மணிமகுடத்தின் முன்புறத்தில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் ரூபி’யும் ஸ்பைனல்தான். அரசர்களுக்கே பெயர் குழம்பியிருக்கிறது என்றால், நாம் பொறுமையாகப் படிப்பதில் தவறில்லை.
- கெம்பு: கோயில் நகைகளில் வரும் சிவப்புக்கல். இன்று ‘கெம்பு செட்’ என்று விற்பதில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். அழகுக்காக வாங்கலாம், மாணிக்க விலை கொடுக்கக் கூடாது.

பச்சையில்

- பிரேசிலியன் எமரால்டு: பச்சை டூர்மலினுக்கு இந்தப் பெயரை வைத்து விற்ற பழக்கம் பழையது. பிரேசிலில் உண்மையான மரகதச் சுரங்கங்களும் உண்டு. ஆக, பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மரகதத்தின் கனிமமான பெரிலா என்று கேட்டே ஆக வேண்டும்.
- ஈவ்னிங் எமரால்டு: பெரிடாட்.
- கிரீன் ஆனிக்ஸ்: பெரும்பாலும் பச்சைச் சாயம் ஏற்றிய கால்செடோனி.
- மவுண்ட் செயின்ட் ஹெலன்ஸ் எமரால்டு: 1980இல் வெடித்த எரிமலையின் பெயரைத் தாங்கி வரும் பச்சைக் கண்ணாடி.
- ஹைட்ரோ, நானோ என்று தொடங்கும் எதுவும்: மனிதர் தயாரித்தது. பல சமயம் கண்ணாடி.
- கிரீன் அமெதிஸ்ட்: பிராசியோலைட் என்ற பச்சைக் குவார்ட்ஸ். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018இல் திருத்தி வெளியிட்ட நகை வழிகாட்டு விதிகளில், இந்தப் பெயரையும் ‘யெல்லோ எமரால்டு’ என்ற பெயரையும் வாங்குபவரைத் திசைதிருப்பும் பெயர்களுக்கு உதாரணமாகவே காட்டியிருக்கிறது.

மஞ்சள், பழுப்பு, நீலத்தில்

- மடீரா டோபாஸ், சிட்ரின் டோபாஸ்: சிட்ரின்.
- ஸ்மோக்கி டோபாஸ்: ஸ்மோக்கி குவார்ட்ஸ்.
- ஸ்விஸ் லேபிஸ்: நீலச் சாயம் ஏற்றிய ஜாஸ்பர்.
- பரைபா டோபாஸ், பரைபா குவார்ட்ஸ்: பரைபா என்பது பிரேசிலின் ஒரு மாநிலம். 1980களின் இறுதியில் அங்கே கிடைத்த, செம்பு கலந்த டூர்மலினுக்குத்தான் அந்த மதிப்பு. டோபாஸுக்கும் குவார்ட்ஸுக்கும் முன்னால் அந்தப் பெயர் வந்தால் அது நிறத்தை மட்டுமே குறிக்கும்.

எல்லா வணிகப் பெயரும் பொய்யல்ல. 1967இல் தான்சானியாவில் கிடைத்த நீலச் சோய்சைட்டுக்கு மறு ஆண்டே ‘தான்சனைட்’ என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது டிஃபனி நிறுவனம். விற்பனைக்காக வைத்த பெயர்தான். ஆனால் வேறொரு கல்லின் மதிப்பை அது இரவல் வாங்கவில்லை. இரவல் வாங்கும் பெயர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களில் உள்ள குழிகள்

ராசிக்கல் விற்பனையில் ஆங்கிலப் பெயர்களைவிடத் தமிழ்ப் பெயர்களே அதிகம் குழப்பும்.

- புஷ்பராகம்: அகராதியில் தேடினால் டோபாஸ் என்று இருக்கும். நகைக்கடையில் ‘கனக புஷ்பராகம்’ என்றால் மஞ்சள் சஃபையர். விற்பவர் இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவே நின்றுகொண்டு மூன்றாவதாகச் சிட்ரினைக் கொடுத்துவிட முடியும். “யெல்லோ சஃபையரா?” என்று நேராகக் கேளுங்கள்.
- வைடூரியம்: கிரைசோபெரில் கேட்ஸ் ஐ. பூனைக்கண் போன்ற அதே ஒளிக்கோடு தெரியும் குவார்ட்ஸும், இழைக் கண்ணாடியும் இந்தப் பெயரில் வரும்.
- கோமேதகம்: ஹெஸ்ஸோனைட் கார்னெட். தேன் நிறக் கண்ணாடி இதற்குப் பதிலாக வரலாம்.
- நீலம்: நீலச் சஃபையர். ஐயோலைட்டும் நீலச் செயற்கைக் கல்லும் இதன் இடத்தில் உட்காரும்.
- ஒரு கிராம் கோல்டு: நகையில் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது தங்கமுலாம் பூசிய நகை.
- ஐம்பொன்: பெயரைக் கேட்டால் பொன்னும் வெள்ளியும் சேர்ந்த உலோகம். சில நூறு ரூபாய்க்கு வரும் மோதிரத்தில் சொல்லிக்கொள்ளும் அளவு பொன் இருக்க வழியில்லை.

ராசிக்கல் அணிவது உங்கள் நம்பிக்கை. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் புஷ்பராகம் அணிய வேண்டும் என்பது நம்பிக்கையானால், கையில் இருப்பது புஷ்பராகமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: “இந்தக் கல் சர்க்கரை நோயைத் தீர்க்கும்” என்று திரையில் யாராவது சொன்னால் அலைவரிசையை மாற்றுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். தாயத்து போன்றவை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது.

சொல்லாமல் விடப்படும் வேலைப்பாடு

கல்லைச் சூடாக்கி நிறம் கூட்டுவது பழங்காலத்து வழக்கம், அதில் தவறில்லை. செய்ததைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. ஏனென்றால் விலையும் பராமரிப்பும் அதைப் பொறுத்து மாறும்.

- ஈயக் கண்ணாடி நிரப்பிய ரூபி: 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. விரிசல் நிறைந்த மட்டமான கொரண்டத்தில் (ரூபியின் கனிமம்) ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றுகிறார்கள். பார்க்கப் பளபளக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். பத்தரின் ஊதுகுழல் தீ பட்டால் கல் பாழாகும்.
- பெரிலியம் ஏற்றிய சஃபையர்: அதிக வெப்பத்தில் பெரிலியத்தை ஊடுருவச் செய்து மஞ்சள், ஆரஞ்சு நிறம் கொண்டுவருவது. ஆய்வகத்தில் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.
- எண்ணெய் ஏற்றிய மரகதம்: பரவலான வழக்கம். சுடுநீரில் ஊறவைத்தால் எண்ணெய் வெளியேறி விரிசல் தெரியும்.
- மிஸ்டிக் டோபாஸ்: நிறமற்ற டோபாஸின் மேல் மெல்லிய பூச்சு. வானவில் நிறம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. உரசினால் போய்விடும்.
- லண்டன் புளூ டோபாஸ்: கதிர்வீச்சும் சூடும் தந்து பெற்ற நீலம். நிறம் நிலையானது, ஆனால் அரிய கல் என்று சொல்லி விலை ஏற்றக் கூடாது.

ஒரு பாடம்: சிவப்பு ஆண்டசைன்

2000களில் ‘ஆண்டசைன்’ என்ற சிவப்புக் கல்லை அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனை அலைவரிசைகள் பெருமளவில் விற்றன. காங்கோவில் கிடைத்தது என்றார்கள். பிறகு திபெத் என்றார்கள். அரிய இயற்கை நிறம் என்ற பேச்சில் விலை ஏறியது. ரத்தின ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தபோது, சந்தையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மங்கிய மஞ்சள் ஃபெல்ட்ஸ்பாரில் செம்பை அதிக வெப்பத்தில் ஊடுருவச் செய்து சிவப்பாக்கியவை என்று தெரிந்தது. வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

இதில் பெயர் சரி, கனிமமும் சரி. மறைந்திருந்தது மூன்றாவது விவரமான வேலைப்பாடு. திரையில் பேசியவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். அதனால்தான், “அறிவிப்பாளர் நல்லவராகத் தெரிகிறார்” என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திரை செய்யும் ஐந்து தந்திரங்கள்

1. ஓடும் கடிகாரம். “இன்னும் 7 பீஸ்தான்!” என்பது உங்களைக் கணக்குப் போட விடாமல் செய்வதற்காக. மறுநாளும் அதே நேரத்தில் பாருங்கள். அதே கல், அதே கடிகாரம், அதே 7 பீஸ் திரும்ப வந்தால் உங்களுக்கே புரியும். ஒரு நாள் பொறுப்பதே மிக மலிவான சோதனை.

2. அடித்துக் காட்டும் விலை. 25,000 என்பது யார் விற்ற விலை என்று திரையில் இருக்காது. அதை மறந்துவிட்டு ஒரு கேரட்டின் விலையைக் கணக்கிடுங்கள். 1,999 ரூபாயை 12ஆல் வகுத்தால் கேரட்டுக்குச் சுமார் 167 ரூபாய். உங்கள் ஊர்க் கடையில் நல்ல மரகதம் கேரட் என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

3. மொத்த கேரட். “ஒரு கேரட் வைர பெண்டன்ட்” என்பது தலா இரண்டு சென்ட் எடையுள்ள ஐம்பது கற்களாக இருக்கலாம். ஒரு கேரட் ஒற்றைக் கல்லின் விலை அதைவிடப் பல மடங்கு. “எத்தனை கல்? ஒவ்வொன்றும் எத்தனை சென்ட்?” என்று கேளுங்கள். ராசிக்கல்லை ரத்திக் கணக்கில் சொன்னாலும் விடாதீர்கள்; ரத்தி இடத்துக்கு இடம் மாறும் அளவு. கேரட்டிலும் கிராமிலும் எழுதச் சொல்லுங்கள்.

4. ‘ஏ ஏ ஏ கிரேடு’ச் சான்றிதழ். வண்ணக் கற்களுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஏ ஏ ஏ தரவரிசை கிடையாது. விற்பவரே அச்சடித்த அட்டை சான்றிதழ் ஆகாது. நல்ல சான்றிதழில் கனிமத்தின் பெயர், இயற்கையா செயற்கையா, வேலைப்பாடு, எடை, அளவு, கல்லின் படம் எல்லாம் இருக்கும். ஆய்வகத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்க முடியும். விலை மதிப்பு மட்டும் பெரிதாக அச்சடித்த தாள் விளம்பரம்தான்.

5. ஹால்மார்க்கைக் காட்டிக் கல்லை விற்பது. பி.ஐ.எஸ். ஹால்மார்க் தங்கத்தின் தூய்மையை மட்டும் சொல்லும். அதிலுள்ள ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த முத்திரை கல்லைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாது. கல் நகையில் தங்கத்தின் நிகர எடையும் கல்லின் எடையும் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுப்பீர்கள்.

போனில் கேட்க வேண்டியவை

ஆர்டர் கொடுக்கும் முன் இந்த வரிசையில் கேளுங்கள்.

1. கனிமத்தின் பெயர் என்ன?
2. இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா?
3. என்ன வேலைப்பாடு செய்திருக்கிறது?
4. ஒவ்வொரு கல்லும் எத்தனை கேரட்?
5. இவை நான்கையும் பில்லில் எழுதித் தருவீர்களா?
6. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து வேறு கல் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா? எத்தனை நாளுக்குள்?

பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“மேடம், திரையில பிரேசிலியன் எமரால்டுன்னு போட்டிருக்கீங்க. நேச்சுரல் எமரால்டுதானே?”

“ஒரிஜினல் ஸ்டோன்தான் மேடம். சர்டிஃபிகேட்டோட வரும்.”

“சரிங்க. பில்லுல ‘நேச்சுரல் எமரால்டு’ன்னு எழுதித் தருவீங்களா?”

“அது... பில்லுல மாடல் நம்பர்தான் வரும் மேடம். புடிக்கலன்னா ரிட்டர்ன் பண்ணிக்கலாம்.”

இங்கே போனை வைத்துவிடலாம். எதிரே பேசுபவர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவரிடம் கோபம் வேண்டாம். “எழுதித் தர முடியாததை நான் வாங்குவதில்லைங்க, நன்றி” என்று சொன்னால் போதும்.

பார்சல் வரும் முன்னும் வந்ததும்

1. விளம்பரம் ஓடும்போதே போனில் பதிவு செய்து வைத்திருங்கள். பெயரும் விலையும் தெரியும்படி இருபது விநாடி போதும். ஆதாரம் இதுதான்.
2. பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் இடைவெட்டாமல் வீடியோ எடுங்கள்.
3. பில்லில் உள்ள பெயரைத் திரையில் வந்த பெயரோடு ஒப்பிடுங்கள். திரையில் ‘ரூபி’, பில்லில் ‘ரெட் ஸ்டோன்’ என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.
4. திருப்பி அனுப்பும் கடைசித் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதுவரை டேக்கைக் கழற்றாதீர்கள், அணியாதீர்கள், அளவு மாற்றாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

லென்ஸ் சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.
- உருண்டையான குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி என்று சந்தேகப்படுங்கள்.
- விரிசல்களில் மட்டும் நிறம் தேங்கியிருந்தால் சாயம்.
- ரூபியைச் சாய்க்கும்போது விரிசல்களில் நீலமாகப் பளிச்சிட்டால் ஈயக் கண்ணாடி நிரப்பல்.
- பட்டைகளின் ஓரத்தில் நிறம் உரிந்திருந்தால் மேல்பூச்சு.

தண்ணீர்த் தராசுச் சோதனை. நகையில் பதிக்காத தனிக் கல்லுக்கு மட்டும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும்.
1. கல்லைத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள்.
2. கல்லை எடுத்துவிட்டு, தண்ணீர் உள்ள சிறு டம்ளரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள்.
3. கல்லை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது.
4. தராசு காட்டும் எண்ணைக் குறித்து, முதல் எடையை அதனால் வகுங்கள்.

சிட்ரின் உள்ளிட்ட குவார்ட்ஸுக்கு விடை 2.65 அருகில் வரும். டோபாஸுக்கு 3.5, சஃபையருக்கும் ரூபிக்கும் 4.0. உதாரணமாக, 2 கிராம் மஞ்சள் கல் தண்ணீரில் 0.50 காட்டினால் விடை 4, சஃபையராக இருக்கலாம். 0.75 காட்டினால் 2.67, குவார்ட்ஸ். சித்தியின் கல் மோதிரத்தில் பதிக்காத தனிக் கல்லாக வந்திருந்தால், இப்படிப் பார்த்துப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

எச்சரிக்கை: ஆய்வகத்தில் வளர்த்த சஃபையரும் இதே 4.0 காட்டும். இந்தச் சோதனை “இது அல்ல” என்று சொல்லும்; “இது இயற்கை” என்று சொல்லாது. விலை உங்களுக்குப் பெரிய தொகையானால் ஆய்வகத்துக்குப் போய்விடுங்கள். இந்தியாவில் ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற நிறுவனங்களின் ஆய்வகங்கள் உண்டு. இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை பரிசோதனை செய்து தருகிறது.

செய்யவே கூடாதவை

- சூடான ஊசி, தீக்குச்சி, லைட்டர் சோதனைகள் வேண்டாம். கல் வெடித்துக் கண்ணில் தெறிக்கலாம்.
- கண்ணாடியைக் கீறிப் பார்க்காதீர்கள். கீறல் விழுவதால் எதுவும் உறுதியாகாது. உங்கள் கல்தான் உடையும்.
- ஆசிட், ஜுவல்லரி டிப், எலுமிச்சைச் சாறு எதிலும் முக்காதீர்கள். திருப்பி அனுப்பும் உரிமையும் போய்விடும்.
- முத்து, பவளம், ஓப்பல், டர்க்காய்ஸ் ஆகியவற்றைத் தண்ணீர்ச் சோதனைக்கு உட்படுத்தாதீர்கள்.
- வைரச் சோதனைப் பேனாவை மட்டும் நம்பாதீர்கள். வெப்பத்தை அளக்கும் சாதாரணப் பேனா மொய்சனைட்டையும் வைரம் என்று காட்டும்.
- பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, “கல் என்னவென்று தெரியாது, தீ காட்டும் முன் பாருங்கள்” என்று பத்தரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்: புகார் செய்யும் வரிசை

வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். சித்தி அப்படித்தான் பீரோவில் வைத்துப் பூட்டினார். திருப்பி அனுப்பும் நாளும் தாண்டிப் போனது.

1. விற்பனையாளருக்கு எழுத்தில், மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ அனுப்புங்கள். விளம்பரத்தில் வந்த பெயர், வந்த கல், ஆய்வக முடிவு, கேட்கும் தொகை ஆகிய நான்கும் இருக்கட்டும். பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள்.
2. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. அப்போதும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.
4. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரும் இதற்கு விலக்கல்ல. எனவே உங்கள் இருபது விநாடிப் பதிவை அங்கேயும் அனுப்புங்கள்.

பிரிட்டனில் இருக்கும் வாசகர்களுக்கு: அங்கே டி.வி.யிலோ இணையத்திலோ வாங்கிய பொருள் கைக்கு வந்தபின் 14 நாளுக்குள், காரணம் சொல்லாமலே வாங்கலை ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு.

டி.வி. பக்கத்தில் ஒட்டி வைக்க

கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி டி.வி.யின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

- பெயரில் ஊரையும் நிறத்தையும் அடி. மிஞ்சியது உண்மையா?
- எந்தக் கனிமம்? இயற்கையா? என்ன வேலைப்பாடு? எத்தனை கேரட்?
- நான்கும் பில்லில் வருமா?
- விலையைக் கேரட்டால் வகு.
- நாளைக்கு வாங்கலாம்.

சித்தி வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் இப்போது இந்தத் தாள் இருக்கிறது. சிட்ரின் மோதிரத்தையும் பீரோவிலிருந்து எடுத்து அணிந்துகொள்கிறார். யாராவது, “புஷ்பராகமா?” என்று கேட்டால், “இல்ல, சிட்ரின்” என்று சரியான பெயரைச் சொல்கிறார்.